வயலட் வந்தால் இன்ஃபெக்‌ஷனா? வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையைப் புரிந்துகொள்ள

போன மாதம் ஒருநாள் காலையில் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். விரித்த பழைய பேப்பர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, அதில் வரிசையாகப் பத்துச் சின்னக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார். கூடவே குரல் செய்தி: "வயலட் வந்திருக்கு பாரு. யூரின் இன்ஃபெக்‌ஷன்தான். போன தடவை டாக்டர் எழுதிக் குடுத்ததுல நாலு மாத்திரை மிச்சம் இருக்கு. போட்டுக்கட்டுமா?"

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவள். ஆனால் அந்தப் பட்டைக்குள் நடப்பது முழுக்க வேதியியல்தான் என்பதால் சித்திக்கு என்னால் ஓரளவு சொல்ல முடிந்தது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பட்டைகளை இப்போது யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குகிறவர்களில் பலர் இதைக் கர்ப்பம் பார்க்கும் கிட் போலவே நினைக்கிறார்கள்: கோடு விழுந்தால் ஆமாம், விழாவிட்டால் இல்லை. கர்ப்பக் கிட் தேடுவது கர்ப்பத்தில் மட்டுமே எக்கச்சக்கமாகச் சுரக்கும் ஒரு ஹார்மோனை. அதனால் அதன் பதிலை அப்படி எடுத்துக்கொள்ள முடிகிறது. சிறுநீர்ப் பட்டை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமி வந்துபோனால் என்னென்ன தடயம் கிடக்குமோ அதைத்தான் தேடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நீர்க்கடுப்பு வேறு, தொற்று வேறு

நம் வீடுகளில் எல்லா எரிச்சலுக்கும் நீர்க்கடுப்பு என்ற ஒரே பெயர்தான். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் விட்டால் வருவதும் நீர்க்கடுப்பு, கிருமி புகுந்து வருவதும் நீர்க்கடுப்பு. "சூடு பிடிச்சிடுச்சு" என்று கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவி, இளநீரோ பார்லி தண்ணியோ கொடுப்பார்கள். முதல் வகை அந்த இளநீரிலேயே அடங்கிவிடும்; பெயரைச் சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது வகைதான் சிறுநீர்த் தொற்று. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் குடலில் சாதுவாக இருக்கும் அதே ஆசாமி, ஆசனவாய்ப் பக்கமிருந்து நகர்ந்து சிறுநீர் வெளியேறும் குழாய்க்குள் ஏறி, சிறுநீர்ப்பையை அடைந்து பெருகத் தொடங்குகிறது. அந்தக் குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். பெண்களுக்கு இது அடிக்கடி வருவதற்கு முக்கியக் காரணம் இந்தக் குறுகிய தூரம். சுத்தமாக இல்லாததால்தான் வந்தது என்று யாரையும் குத்திக்காட்ட இதில் இடமில்லை.

பையின் உள்சுவர் புண்பட்டு வீங்குவதால், பை நிறையாமலே நிறைந்த உணர்வு வரும். அடிக்கடி போகவேண்டும், அவசரமாகப் போகவேண்டும், போனால் நாலு சொட்டு, அதிலும் எரிச்சல், அடிவயிற்றில் வலி. கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் கதை மாறும்: குளிர்க் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி. அந்த நிலையில் பட்டையைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும்.

சிறுநீரில் கிருமி இருக்கவேண்டும், அதனால் உடலுக்குத் தொல்லையும் இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தொற்று. கிருமி மட்டும் இருந்து எந்தத் தொல்லையும் இல்லாத நிலை ஒன்று உண்டு. அதை ஓசைப்படாத கிருமி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் அது வரும்.

மாவும் நாயும்

இட்லி மாவு புளித்துவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? உள்ளே இருக்கும் நுண்ணுயிரியை யாரும் பார்த்ததில்லை. மாவு பொங்கியிருக்கிறதா, புளிப்பு வாசம் வருகிறதா என்றுதான் பார்க்கிறோம். அரைத்துக் கொட்டிய அரை மணி நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "நுண்ணுயிரியே இல்லை" என்று சொன்னால் எப்படியிருக்கும்? இருக்கிறது, வேலை செய்ய நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பட்டையின் நைட்ரைட் கட்டம் இந்த மாவு மாதிரி.

இன்னொரு காட்சி. நடுராத்திரியில் தெருநாய் குரைக்கிறது. திருடனாக இருக்கலாம். பூனையாகவும் இருக்கலாம், லேட்டாக வீடு திரும்பும் எதிர்வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். ஏதோ நடமாட்டம் என்று மட்டும் நாய் சொல்லும், யாரென்று சொல்லாது. லுகோசைட் கட்டம் இந்த நாய் மாதிரி.

பட்டையில் பத்துக் கட்டங்கள் இருந்தாலும் தொற்றுக்காக முக்கியமாகப் பார்க்கவேண்டியவை இந்த இரண்டும்தான். சர்க்கரை, புரதம், கீட்டோன், பிஎச் போன்ற மற்றவை வேறு கேள்விகளுக்கானவை. நோன்பு இருந்த நாளில் கீட்டோன் கட்டம் நிறம் மாறும், மாதவிடாய் நாளில் ரத்தக் கட்டம் மாறும். அதைப் பார்த்துப் பதறி இரவெல்லாம் தூங்காதவர்களை எனக்குத் தெரியும்.

நைட்ரைட் கட்டம்: பிளஸ் டூ லேபில் செய்த அதே சாயம்

கீரை, முள்ளங்கி, பீட்ரூட் என்று நாம் சாப்பிடும் காய்கறிகளில் நைட்ரேட் என்ற உப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறும். ஈ.கோலையும் அதன் உறவுக்காரக் கிருமிகளும் இந்த நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவதன் பெயர் நைட்ரைட். ஆரோக்கியமான சிறுநீரில் நைட்ரைட் இருக்காது. இருந்தால் யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த நைட்ரைட்டைக் கட்டம் எப்படி அடையாளம் காண்கிறது? பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்குச் சாயச் சோதனை ஞாபகம் இருக்கும். அனிலினைப் போன்ற ஒரு பொருளை அமிலத்தில் கரைத்து, ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, சோடியம் நைட்ரைட் சேர்த்து, அப்புறம் பீட்டா நாப்தால் ஊற்றினால் பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பு வரும். லேப் கோட்டில் பட்டுவிட்டால் போகவே போகாது. பட்டையின் கட்டத்திலும் ஏறக்குறைய அதே சரக்குகள்தான் உலர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைத் தவிர: நைட்ரைட். அந்தக் குறையைச் சிறுநீர் நிரப்பினால் வெள்ளைக் கட்டம் ரோஸ் ஆகும்.

இந்த வினையை நைட்ரைட் கண்டுபிடிக்கும் சோதனையாக 1879இல் வெளியிட்டவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர். முக்கியெடுத்துப் பார்க்கும் பட்டையெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து, 1956இல்தான் வந்தது. அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதி சர்க்கரைக்காக முதலில் உருவாக்கினார்கள். அதுவரைக்கும் பெரும்பாலும் பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கித்தான் பார்த்தார்கள். மற்ற கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்ந்தன.

கட்டம் ரோஸ் ஆனால் கிருமி இருப்பது பெரும்பாலும் உண்மை. ஆகாவிட்டால் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொல்லை இங்கேதான். கிருமிக்கு இந்த வேலையைச் செய்ய நேரம் வேண்டும். சிறுநீர் பைக்குள் சுமார் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்கவேண்டும். தொற்று வந்தவரோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் ஓடுகிறார். மாவைப் புளிக்கவே விடாமல் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லலாம். போதாக்குறைக்கு எல்லாக் கிருமிகளுக்கும் இந்த வித்தை தெரியாது. என்டரோகாக்கஸ் என்ற கிருமி நைட்ரேட் பக்கமே போகாது. அந்தக் கிருமியால் தொற்று வந்தால் இந்தக் கட்டம் வெள்ளையாகவே இருக்கும்.

லுகோசைட் கட்டம்: நாய் குரைக்கிறது

லுகோசைட் என்றால் வெள்ளையணு. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவரும் வெள்ளையணுக்களில் எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. நொதி என்பது ஒரு வேதி வினையை வேகப்படுத்தும் புரதம். கட்டத்தில் தடவியிருக்கும் பொருளை இந்த நொதி வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு பக்கத்திலிருக்கும் இன்னொரு பொருளோடு சேர்ந்து வயலட் நிறம் தரும். வெள்ளையணு செத்து உடைந்துபோனாலும் நொதி மிஞ்சியிருக்கும் என்பதால் கட்டம் அதையும் பிடித்துவிடும்.

ஆனால் வெள்ளையணு கிருமிக்காக மட்டும் வருவதில்லை. சிறுநீரகக் கல் உரசினாலும் வரும். பெண்களுக்கு வெள்ளைப்படுதலில் ஏராளமாக இருக்கும். சிறுநீர் பிடிக்கும்போது அது கலந்தால் பையில் ஒன்றுமே இல்லாமல் கட்டம் வயலட் ஆகும். சித்தி வட்டம் போட்டிருந்தது இந்தக் கட்டத்தைத்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: ரோஸ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், வராததை நம்ப முடியாது. வயலட் வந்தால் வெள்ளையணு வந்திருக்கிறது. எங்கே, எதனால் என்று தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

இரண்டு கட்டமும் மாறி, எரிச்சலும் அவசரமும் இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கலாம். இதில் குழப்பம் கிடையாது. வயலட் மட்டும் வந்தால் நாய் எதைப் பார்த்துக் குரைத்தது என்று யோசிக்கவேண்டும். லேபில் கொடுப்பதுதான் வழி.

இரண்டும் வெள்ளை, ஆனால் எரிகிறது. அப்போது? பட்டையை நம்பி உடம்பைச் சந்தேகப்படுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வேறு நோய் எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்குப் புதிதாக எரிச்சலும் அடிக்கடி போவதும் வந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லையென்றால், அந்த அறிகுறிகளை மட்டும் வைத்தே பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். பட்டையின் "இல்லை"யைவிட உடம்பின் "ஆமாம்" கனமானது. எனக்குக் கேட்டால், எரிச்சல் தெளிவாக இருக்கும்போது பட்டைக்குச் செலவு செய்வதே கொஞ்சம் வீண்தான்.

இதற்கு நேர் எதிர்: ஒரு தொல்லையும் இல்லாதவர் சும்மா முக்கிப் பார்க்கிறார், ரோஸ் வருகிறது. முன்பு சொன்ன ஓசைப்படாத கிருமி இதுதான். வயது ஏற ஏற இது சகஜமாகும். முதியோர் இல்லங்களில் வசிக்கும் பெண்களில் நாலில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இப்படி இருப்பார்கள். சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் குழாய் பல வாரங்களாகப் போட்டிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். இவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் லாபம் இல்லை. கிருமிக்கு அந்த மருந்தைப் பழக்கிக் கொடுப்பதுதான் மிச்சம். அதனால்தான் 65 வயது தாண்டியவர்களுக்குத் தொற்றைக் கண்டுபிடிக்க இந்தப் பட்டையை நம்பவேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.

கர்ப்பிணிகள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு ஓசைப்படாத கிருமியும் சிறுநீரகம் வரை ஏறிவிட வாய்ப்பு அதிகம் என்பதால், கண்டுபிடித்தால் மருந்து உண்டு. அதைக் கண்டுபிடிக்கவேண்டியது லேப் சோதனை, பட்டை இல்லை.

முக்குவதிலும் முறை இருக்கிறது

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது. ராத்திரி முழுக்க மாவு புளித்திருக்கும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான உலர்ந்த கப்பில் பிடிக்கவேண்டும். முதலில் வருவது வழியில் ஒட்டியிருக்கும் கிருமியையும் செல்களையும் அலசிக்கொண்டு வரும் தண்ணீர், அவ்வளவுதான். பிடித்ததை உடனே சோதிக்கவேண்டும். கப்பை வைத்துவிட்டுக் காபி போட்டு, சமையலை முடித்துவிட்டு வந்தால், கப்புக்குள்ளேயே கிருமி பெருகி நைட்ரைட் உண்டாகிவிடும்.

ஒன்றிரண்டு நொடி முக்கி எடுத்து, கப்பின் விளிம்பில் ஓரத்தைத் தட்டி, பட்டையைக் கிடைமட்டமாகப் பிடிக்கவேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் சாயம் அடுத்ததில் வழியும். அப்புறம் கடிகாரம். பெரும்பாலான பட்டைகளில் நைட்ரைட்டுக்கு 60 நொடி, லுகோசைட்டுக்கு 2 நிமிஷம். உங்கள் டப்பாவில் எழுதியிருப்பதுதான் கணக்கு. அதற்கு மேல் நேரம் போனால் கட்டம் தன்பாட்டுக்குக் காய்ந்து நிறம் ஏறிக்கொண்டே போகும், அதற்கு அர்த்தமே இல்லை. சித்தியின் படம் எப்போது எடுத்தது என்று கேட்டேன். "முக்கி வச்சிட்டு குளிக்கப் போனேன், வந்து எடுத்தேன்" என்றார்.

வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். வைட்டமின் சி சாயம் உண்டாவதையே தடுத்துவிடும், இருக்கும் தொற்றும் தெரியாமல் போகும். எரிச்சல் குறைக்கத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரையே ஆரஞ்சு ஆக்கும். அந்த நிறத்தில் ரோஸைத் தேடுவது வீண். டப்பாவைப் பாத்ரூமில் வைக்கக்கூடாது. மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் ஈரக்காற்றே கட்டத்தைக் கெடுத்துவிடும், முக்காமலே ரோஸ் தட்டும்.

கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்துக் கலங்கலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ்பேட் உப்பு படிந்தாலே சிறுநீர் கலங்கும். சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று சிறுநீரின் நிறத்தையும் அதில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தையும் பார்ப்பது தனி மரபு. அவர்கள் கேட்கும் கேள்வியே வேறு. கிருமி இருக்கிறதா என்பதற்குத் தம்ளரில் பதில் கிடைக்காது.

லேபில் என்ன நடக்கிறது

"யூரின் ரொட்டீன்" என்று எழுதிக்கொடுத்தால் லேபில் ஒரு பட்டையும் முக்குவார்கள், மைக்ராஸ்கோப்பிலும் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் "பஸ் செல்" என்று வருவது மைக்ராஸ்கோப்பில் எண்ணிய வெள்ளையணு. வழக்கமாக ஐந்து வரை பெரிதுபடுத்த மாட்டார்கள். பக்கத்திலேயே "எபிதீலியல் செல்" நிறைய என்று இருந்தால் அது தோலிலிருந்து உதிர்ந்தது. சாம்பிள் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "பஸ் செல் எட்டு இருக்கு, பயமா இருக்கு" என்று கேட்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

உண்மையில் கிருமியையே காட்டுவது கல்ச்சர். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்: ஒரு துளி சிறுநீரைச் சத்துள்ள தட்டில் தடவி, உடல் சூட்டில் ஒரு ராத்திரி வைத்தால், ஒவ்வொரு கிருமியும் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக வளரும். ஒரு மில்லி சிறுநீரில் 1 லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்ற பழைய எல்லைக்கோட்டை 1950களில் அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் நிறுவினார். அறிகுறி இருந்தால் அதற்குக் குறைவான எண்ணிக்கையையும் இன்று கணக்கில் எடுப்பார்கள். வளர்ந்த கிருமி மேல் பல ஆன்டிபயாடிக்குகளை வைத்து எது கொல்கிறது என்று பார்க்க இன்னொரு நாள் ஆகும். இந்த இரண்டாவது நாள்தான் விலைமதிப்புள்ளது. நம் நாட்டு ஈ.கோலை பல பழைய மாத்திரைகளுக்குப் பழகிவிட்டது. மிச்சமிருக்கும் மாத்திரை பலிக்குமா என்பதைப் பட்டை சொல்லாது, கல்ச்சர் சொல்லும். சாம்பிள் கொடுக்கும் முன்பே அந்த நாலு மாத்திரையைப் போட்டுவிட்டால் கல்ச்சரும் பேசாமல் போகலாம்; தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம்.

சரி, பட்டை யாருக்கு உதவும்? எனக்குத் தெரிந்து, அடிக்கடி தொற்று வந்து பழகிய, மற்றபடி ஆரோக்கியமான இளம் அல்லது நடுவயதுப் பெண்களுக்கு, டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு துணைத் தகவலாக. ஆண்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ உள்ளவர்கள் இவர்களெல்லாம் பட்டை என்ன சொன்னாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். அடிக்கடி போய்க்கொண்டே இருப்பதால் நைட்ரைட் சேரவும் வழியில்லை.

சித்தியின் பட்டை

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது வேறு ஒரு கட்டம். நைட்ரைட் வெள்ளை. ஆனால் சர்க்கரைக் கட்டம் நன்றாகப் பழுப்பேறியிருந்தது. சித்திக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. சமீபத்தில் டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சேர்த்திருந்தார். ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அந்த மாத்திரையின் வேலை. ஆகவே கட்டம் மாறியது இயல்பு. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் பூஞ்சை வளரவும் வாய்ப்பு அதிகம்.

"எரிச்சல் உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வெளியே என்றார், அரிப்பும் இருக்கிறது என்றார். டாக்டரிடம் அனுப்பினேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் சரியானது. அந்த நாலு மாத்திரை போட்டிருந்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துப் பூஞ்சை இன்னும் கொண்டாடியிருக்கும்.

டப்பாவில் தொண்ணூற்றுச் சொச்சம் பட்டைகள் மிச்சம். "திறந்தாச்சு, கெட்டுப்போயிடும், நீ ஏதாவது பண்ணு" என்று கொடுத்துவிட்டார். சாயச் சோதனை நடக்கும் வாரத்தில் லேபுக்கு எடுத்துப்போனேன். துளி சோடியம் நைட்ரைட்டை ஒரு பீக்கர் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டையை முக்கினார்கள். ஒரு நிமிஷத்தில் எல்லோர் கையிலும் ரோஸ். இன்னொரு பீக்கரில் வைட்டமின் சி மாத்திரையையும் பொடித்துப் போட்டோம். அந்தப் பட்டைகள் வெளிறியே இருந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "மிஸ், அப்போ வெள்ளையா வந்தா பாஸா ஃபெயிலா?"